எந்த ஆயில் என்று எனக்குத் தெரியும்

என் இடது தொடை வலது தொடையைவிடப் பருமன். அதை முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர். பேண்ட்டுக்கு அளவெடுத்தவர் டேப்பை மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒரே பேண்ட்ல ரெண்டு ஆளா?" என்றார். எனக்கு வெட்கமாக இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். சிலருக்குத் தங்கள் முகத்தைப் பார்த்தால் சந்தோஷம் வரும். எனக்கு முகத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் கடவுள் தொடையில் ஈடுகட்டியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஐயா சிரிக்கலாம், தப்பில்லை. காரணம் என்ன என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் சொன்னேன். காரணம் இந்தத் தொடைதான். சொத்துத் தகராறு, பொம்பளை விவகாரம் என்று நீங்கள் வெளியே அலைய வேண்டாம். எழுதுகிறவர் 'தொடை' என்றே எழுதிக்கொள்ளட்டும்.

எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பழகியவனுக்கு எதற்குப் பிறகு எது என்று தெரியும். வரிசையாகவே சொல்கிறேன்.

அப்பா மூட்டை தூக்கினார். அம்மா கட்டட வேலைக்கு மணல் சுமந்தாள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அக்கா. அவளுக்கே அப்போது இடுப்பு இல்லை, எலும்புதான் இருந்தது. நான் கல்குவாரி லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினேன். அந்த லாரிகளின் கிளட்ச்சை மிதித்துத்தான் இந்தக் கால் இப்படி ஆயிற்று. பிறகு அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு பழைய கார் இருந்ததால் என்னையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காரைத்தான் நீங்கள் அன்றைக்குப் பார்த்தீர்கள். கறுப்பு, நீளம், முன்விளக்கு ஒவ்வொன்றும் அண்டா அளவு. அத்தானின் அப்பா வாங்கியது. வீட்டில் அதைக் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'பெரியவர்' என்பார்கள். "பெரியவர் குளிச்சாச்சா?" என்றால் கழுவியாயிற்றா என்று அர்த்தம். கல்யாணத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் பெரியவர் வாடகைக்குப் போவார். அந்த வருமானத்தில்தான் எங்கள் மூன்று பேர் வயிறும் நிறைந்தது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இருந்த ஒரே பிள்ளை நான்தான், தொடை பருத்த பிள்ளை.

கிளட்ச் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நிற்கிற தரகர். பெடலை மிதித்தால் இரண்டையும் பிரித்துவைப்பார். காலை எடுத்தால் சேர்த்துவைப்பார். பெரியவருக்கு அந்த வேலையை இரும்புக் கம்பிகள் செய்தன. பெடலில் ஒரு கம்பி, அதில் ஒரு முட்டு, முட்டில் இன்னொரு கம்பி. வயதாகி எல்லாம் தேய்ந்து, அந்தப் பெடலை மிதிப்பதும் சுவரை மிதிப்பதும் ஒன்றாக ஆகியிருந்தது. அத்தானுக்கு முழங்கால் போன பிறகு அதை மிதிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். வாடகை பேச வருகிறவர்களிடம் அத்தான் பெருமையாகச் சொல்வார்: "மாப்ள கால் இல்லாம பெரியவர் ஒரு அடி நகர மாட்டார்." வந்தவர்களை நான் சீட்டில் உட்காரவைத்து மிதித்துப் பார்க்கச் சொல்வேன். ஜிம்முக்குப் போகிற ஒரு மாப்பிள்ளைப் பையன் பல்லைக் கடித்து மிதித்தான், செருப்பு அறுந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பெரியவரை எழுப்புவதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. இதைக் கவனமாக எழுத வேண்டும்.

ஷெட்டில் அவர் கேட்டைப் பார்த்து நிற்பார். அவர் மூக்குக்கும் இரும்புக் கேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து நிமிரும் இடம்தான். பாட்டரியில் எழுப்பினால் அத்தானுக்குப் பிடிக்காது. முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி அவரே சுற்றுவார். முழங்கால்தான் போயிற்று, கை இரும்பு. கேட் வெளிப்பக்கம் திறந்து நடைபாதையை மறிக்கும், நடக்கிறவர்கள் திட்டுவார்கள். ஆகவே எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டைத் திறக்கலாம் என்பது அத்தானின் முதல் சட்டம். இரண்டாவது சட்டம், பெரியவர் தூங்கும்போதே முதல் கியரைப் போட்டுவிட வேண்டும். எழுந்த பிறகு போட்டால் குளிரில் பல்லைக் கடிப்பார். ஒருமுறை அப்படிக் கடித்துக் கியரில் ஒரு பல் போய், அதற்கு மாற்றுத் தேடி அத்தானின் அப்பா ஊர் ஊராக அலைந்தாராம். அன்றிலிருந்து இப்படித்தான். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் முன்னால் நின்று ஹேண்டில் அடிக்க வேண்டும்.

கியரில் நிற்கிற வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் அடிப்பதை வேறு எந்த மெக்கானிக் பார்த்தாலும் தலையில் அடித்துக்கொள்வான். எங்கள் வீட்டில் அது பல்தேய்ப்பது மாதிரி தினசரி வேலை. என் கால் பிடித்துக்கொள்ளும் என்று அத்தானுக்கு அவ்வளவு நம்பிக்கை. என்னை அந்த அளவுக்கு நம்பியவர் இதுவரை வேறு யாரும் இல்லை. இனிமேலும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கல்யாண மாப்பிள்ளை பால் வேனில் போனார். சாயங்காலம் அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"டேய், ஒத்தக் காலை நம்பி எத்தன நாளைக்குடா பொழப்ப ஓட்டுறது?"

காய்ச்சலில் எனக்கு அது பாராட்டாகக் கேட்டது.

"கிளட்ச்ச ஆயில் கிளட்ச்சா மாத்த முடியுமாமே. பட்டறைத் தெரு வெல்டர் அண்ணன் சொன்னாரு. மாத்திக் குடு, நானே ஓட்டுறேன். லைசென்ஸ்தான் இருக்குல்ல."

வாசலில் உட்கார்ந்திருந்த அத்தான் சிரித்தார். "மாப்ள, உன் வேலைக்கு உங்க அக்காவே வேட்டு வைக்கிறா. பாத்துக்க."

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், இன்றைக்கு நாம் இந்த மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கமாட்டோம். ஆனால் வேலை விஷயத்தில் முடியாது என்று என் வாய் சொன்னதில்லை. தவிர, நான் மறுத்தால் வெல்டர் செய்வார். செய்து, நன்றாகவும் செய்துவிட்டால்?

ஆகவே நானே செய்தேன். ஐயா, அது எப்படிப்பட்ட வேலை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எண்ணெயை வேலை வாங்குவதுதான் விஷயம். பெடலுக்குப் பக்கத்தில் மேலே ஒரு சிலிண்டர். கியர்பெட்டிக்குப் பக்கத்தில் கீழே ஒரு சிலிண்டர். நடுவில் ஒரு குழாய். மேலே மிதித்தால் எண்ணெய் ஓடிக் கீழே உள்ளதைத் தள்ளும், அது கிளட்ச்சைப் பிரிக்கும். சொல்வதற்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம். செய்வதற்கு இடுப்பு கழன்றுவிடும். மேல் சிலிண்டரை ஒரு ஜீப்பிலிருந்து எடுத்தேன். முதலில் மாட்டியது அளவில் சின்னது. பெடல் பூப்போல இறங்கியது, கிளட்ச் பிரியவே இல்லை. கழற்றிப் பெரியது தேடினேன். அதை மாட்டியதும் வேறு வம்பு. மிதித்தால் கிளட்ச் நகரவில்லை, சிலிண்டரைத் தாங்குகிற முன்தகடு உள்ளே வளைந்தது. பெரியவரின் தகடு அந்தக் காலத்துத் தகடுதான், ஆனால் அவரும் கிழவர்தானே. பின்னால் கனமான இரும்புப் பட்டை வெட்டி அண்டை கொடுத்தேன். கீழ் சிலிண்டர் தள்ளுகிற கோணம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். நான் தாங்கியை அறுத்துத் திரும்ப வைத்தேன். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் எண்ணெய்க் குழாய் போகக்கூடாது என்று சுற்றுவழியில் கொண்டுபோனேன். எல்லாம் முடிந்ததும் கீழே வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு நாள் முழுக்க விட்டேன். மறுநாள் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டு இல்லை. இதை எழுதிக்கொண்டாரா? ஒரு சொட்டு இல்லை.

அப்புறம் குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. நான் அடியில் படுத்துக்கொண்டேன், அக்கா சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி. பிடி. விடு. மிதி. பிடி. விடு."

"என்னடா, பிரசவ வார்டு மாதிரி கத்துற."

"பேசாம மிதிக்கா."

காற்றுக் குமிழிகள் எல்லாம் போய் எண்ணெய் மட்டும் வந்தது. திருகை இறுக்கினேன். "இப்ப நல்லா மிதிச்சுப் பாரு" என்றேன். அடியில் படுத்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே கிளட்ச்சின் கை நகர்ந்து, நின்று, திரும்பி வந்தது. அழகாக வந்தது. பிறகு அவள் சிரிப்பது கேட்டது.

"இவ்வளவுதானா?"

அவ்வளவுதான் சொன்னாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, நிம்மதியாகச் சொன்னாள். இத்தனை வருடமாகத் தம்பி மிதித்துக் களைத்தானே, இனி வேண்டாம் என்ற நிம்மதி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் நெஞ்சின் மேல் கியர்பெட்டியே விழுந்த மாதிரி இருந்தது. லாரிக் காலம், குவாரிக் காலம், ஜிம் மாப்பிள்ளையின் செருப்பு, தையல்காரரின் டேப், எல்லாம் சேர்த்து அக்காவின் கணக்கில் இவ்வளவுதானா. அதைச் சாத்தியமாக்கியதும் நான்தான். தன் மதிப்பைத் தானே கழற்றி, எண்ணெய் போட்டு, காற்றும் எடுத்துக் கொடுத்த புத்திசாலி.

அக்கா நன்றாக ஓட்டினாள். பொய் சொல்லமாட்டேன், என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். நான் கியர் மாற்றினால் பின்சீட்டில் இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். அவள் மாற்றினால் மணப்பெண்ணின் பூ அசையாது. ஒரு பெண் இவ்வளவு பெரிய காரை ஓட்டிவருகிறாள் என்று ஊரே நின்று பார்த்தது. வாடகை கேட்டு வருகிறவர்கள் "அந்தக்கா ஓட்டுவாங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்கள். எனக்கு வேறு வேலை கிடைத்தது. கேட் திறப்பது. கல்யாண வீட்டில் இறங்கிக் கதவைத் திறந்துவிடுவது. ஒரு போட்டோக்காரர் என்னைப் பார்த்துக் கையால் ஈ ஓட்டுகிற மாதிரி காட்டி, "அண்ணே, நீங்க கொஞ்சம் ஃபிரேமை விட்டு வெளிய போங்க" என்றார். போனேன்.

அத்தான்கூட மாறிவிட்டார். வருகிறவர்களிடம், "எங்க வீட்டம்மா கால் பட்டாப் போதும், பெரியவர் குழந்தை மாதிரி போவார்" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். தொடை இளைக்கத் தொடங்கியது. தையல்காரரிடம் போகவே பிடிக்கவில்லை.

இப்போது ஆயில்.

பெரியவரின் சிலிண்டர்களுக்கு ஊற்ற வேண்டியது பிரேக் ஆயில். எஞ்சின் ஆயில் அதில் படவே கூடாது. பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் கப்புகள் ஊறிப்போகும். ஊறி, உப்பி, கொழகொழத்து, எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற வேலையை மறந்துவிடும். உடனே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக. இது தொழிலுக்கு வந்த முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற விஷயம். வேறு எதுவும் தெரியாதவனுக்கும் இது தெரியும்.

ஒரு நாள் மதியம் அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் மேல் சிலிண்டரின் மூடியைத் திறந்து, கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி, மூடியைத் துடைத்து மூடினேன். கொடியிலிருந்து அக்கா பார்த்துவிட்டு, "என்னடா பண்ற?" என்றாள். "ஆயில் ஊத்துறேன்க்கா" என்றேன். அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை.

நான் நினைத்தது சின்ன விஷயம். பெடல் கொஞ்சம் சரியில்லாமல் போகும், நடுரோட்டில் அக்கா திணறுவாள், "டேய், உன் காலே தேவலடா" என்பாள். பழைய கம்பிகளைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். ஒரே நாளில் மாட்டிவிடலாம். அதுதான் திட்டம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்னால் நான் நம்புவேன், அப்படி ஒரு நல்ல குணம் எனக்கு உண்டு.

கொஞ்ச நாளில் அக்காவே வந்தாள். "டேய், பெடல் என்னமோ பஞ்சு மாதிரி இருக்குடா. கொஞ்சம் பாரேன்."

ஐயா இந்த இடத்தில் கேட்பீர்கள், நினைத்தது நடந்துவிட்டதே, பிறகென்ன என்று. நானும் அப்படித்தான் மகிழ்ந்தேன். பார்க்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "இல்ல, உனக்குச் சிரமம்னா சொல்லு, வெல்டர் அண்ணன வரச் சொல்றேன்" என்றாள்.

வெல்டர் பெயரைக் கேட்டதும் என் வாய் மாறிக்கொண்டது. "புது வேலைக்கா. பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் மதியம் நானே சீட்டில் உட்கார்ந்து பெடலைச் சோதித்தேன். ஓட்டும்போது யாருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கியர் மாற்ற ஒரு கணம் மிதித்தால் போதும், அந்த ஒரு கணம் தாங்கும். மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் எண்ணெய் உள்ளுக்குள் நழுவும். பெடல் தரையில் இருக்கும், கிளட்ச் மட்டும் தானாகத் திரும்பிச் சேர்ந்துகொள்ளும். கடைசி நாள் மதியம் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தேன். முதல் வரி முடிவதற்குள் கால் மெதுவாக, மரியாதையாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது.

பெரியவரின் கிளட்ச்சை நெடுநேரம் மிதித்துப் பிடிக்கிற சந்தர்ப்பம் ஒரு நாளில் ஒன்றே ஒன்றுதான். அது எது என்று மேலே சொல்லியிருக்கிறேன். எழுதுகிறவர் வேண்டுமானால் திருப்பிப் பார்க்கட்டும்.

அது எனக்குத் தோன்றவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்பிவிடுவீர்கள். தோன்றியது. பாட்டின் இரண்டாவது வரியில் தோன்றியது. அதன் பிறகும் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மறுநாள் காலை ஒரு படப்பிடிப்பு. அக்கா தொப்பி வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள், கியரைப் போட்டாள், மிதித்தாள். அத்தான் ஹேண்டிலைச் செருகிக் குனிந்தார். நான் ஒரு கையில் டீ கிளாசும் ஒரு கையில் கேட்டின் தாழ்ப்பாளுமாக ஓரத்தில் நின்றேன்.

"பெரியவரே, எந்திரிங்க. சினிமாக்காரங்க காத்திருக்காங்க" என்றார் அத்தான்.

முதல் சுற்றில் எழவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அடுத்த தடவை ஹேண்டில் பாதியில் நின்றுவிட்டது. அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்ள, இன்னிக்கு இவ்வளவு கனக்கிறாரு? ராத்திரி நல்லாச் சாப்ட்டிருப்பாரோ?"

ஹேண்டில் கனத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கிளட்ச் சேர்ந்துவிட்டது. அவர் இப்போது எஞ்சினை மட்டும் சுற்றவில்லை, காரையே தள்ளிக்கொண்டிருக்கிறார். 'தள்ளி நில்லுங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் டீ இருந்தது. விழுங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், நீங்களே சொல்லுங்கள். தாழ்ப்பாளை இழுத்திருந்தால் கேட் திறந்து அவர் ரோட்டில் போய் விழுந்திருப்பார், முட்டி உடைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் ஓடிய பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். அத்தானின் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அவர் மறுபடி குனிந்து, தோளைக் கொடுத்து ஒரே அடி அடித்தார். எஞ்சின் எழுந்தது. பெரியவர் ஒரே எட்டு எடுத்து வைத்து, கேட்டில் முட்டி, அணைந்தார். நடுவில் அத்தான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தான் மேல் எனக்குக் கோபம் ஏதாவது இருந்ததா என்று நேற்றும் கேட்டீர்கள், இன்றும் கேட்கிறீர்கள். இல்லை. அவர் நல்ல மனிதர். எனக்குத் தேவைப்பட்டது அக்காவின் கால் தோற்பது. அவர் நடுவில் நின்றார்.

அக்கா அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: "நான் மிதிச்சுக்கிட்டுதான்டா இருந்தேன். கால எடுக்கவே இல்லடா. தரையோட தரையா மிதிச்சுக்கிட்டுதான் இருந்தேன்." அது உண்மை. இந்த உலகத்தில் அது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, என் குரலில் இவ்வளவு இதம் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக, "நழுவியிருக்கும்க்கா. நழுவுறது நமக்கே தெரியாது. யாருக்கு நழுவாது, சொல்லு" என்றேன்.

கொஞ்ச நாளில் அவளே அதைச் சொல்ல ஆரம்பித்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "என் கால் நழுவிடுச்சு" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இடது காலைத் தரையில் வைத்து அழுத்துவாள். அழுத்தி, பார்த்து, மறுபடி அழுத்துவாள். சோறு பிசையும்போதும் அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு குறைவாக இருந்தால் போட்டுக்கொண்டேன். அதெல்லாம் என்னால் தாங்க முடிந்தது. மனிதன் எதையும் தாங்குவான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குறிப்பாக அடுத்தவர் படுவதை.

பிறகு நீங்கள் வண்டிப் பரிசோதகரைக் கூட்டிவந்தீர்கள். அன்றைக்கு நீங்களும் முற்றத்தில் நின்றீர்கள், ஞாபகம் இருக்கும். அவர் மேல் சிலிண்டரைப் பிரித்து, ரப்பர் கப்பை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தார். அது அவர் விரலில் பிசைந்த மாவாக ஒட்டியது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அதை உங்களிடம் காட்டிச் சிரித்தார்.

"யாருய்யா இந்த வேலை பார்த்தது? எந்த ஆயில் ஊத்தணும்னே தெரியாதவன் கைல குடுத்திருக்காங்க. அந்தம்மா கால் நழுவல சார். அரைகுறை மெக்கானிக் கை வச்சது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பரிதாபமாகப் பார்த்தீர்கள். "இனிமே தெரியாத வேலையத் தொடாதே" என்று புத்தி சொன்னீர்கள். அக்கா மேல் தப்பில்லை என்று ஆயிற்று. என் மேல் கவனக்குறைவு என்று ஒரு சின்னக் கேசு, அதுவும் பெயருக்கு. நான் தப்பித்துவிட்டேன். வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்திருப்பான்.

நானும் படுத்துப் பார்த்தேன். பரிசோதகர் சொன்னது பட்டறைத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடைக்குப் போனால், "அண்ணே, நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, எத ஊத்துனீங்க?" என்றார்கள். டயர்க்காரர் தன் ஸ்கூட்டரை நான் தொட்டால் நகர்த்தி வைத்தார். வெள்ளைக் காகிதத்தை ஒருவனும் கேட்கவில்லை. முன்தகட்டுக்கு அண்டை கொடுத்ததை ஒருவனும் பார்க்கவில்லை. அந்தக் கோணத்தை அறுத்து மறுபடி வைத்ததை, சுற்றுவழியில் குழாய் போனதை, ஒருவனும்.

அதையும் பொறுத்திருப்பேன். நேற்று முன்தினம் வெல்டர் வந்திருந்தார். அக்கா அவருக்கு டீ கொடுத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் ஷெட்டுக்குள் பெரியவரின் பழைய கம்பிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வெல்டர் தாழ்ந்த குரலில் என்னமோ கேட்டார். அக்கா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அவன் மேல எனக்குக் கோபமே இல்லண்ணே. தெரிஞ்சா செஞ்சான்? பாவம், அவனுக்கு வேல அவ்வளவுதான் வரும்."

பெருமூச்சு விட்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் இடது கால் தரையை அழுத்தாமல் சும்மா இருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். எனக்கு மனதாரச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கம்பியைக் கீழே வைத்துவிட்டு நேராக இங்கே புறப்பட்டேன். நீங்கள் இல்லை, மறுநாள் வரச் சொன்னார்கள், மறுநாளும் வந்தேன். நேற்று நான் பாதி சொல்வதற்குள், துக்கத்தில் உளறுகிறேன் என்று டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ஆகவே இன்றைக்கு இதைக் கொண்டுவந்திருக்கிறேன். துணியைப் பிரிக்கலாம், ஒன்றும் இல்லை, டீ கிளாஸ்தான். உள்ளே இருப்பது எஞ்சின் ஆயில். அதில் மிதக்கிறதே, காளான் மாதிரி, அது ஒரு காலத்தில் ரப்பர் கப். பெரியவருக்கு ஊற்றுவதற்கு முன்னால் இதில் ஊறப்போட்டு, எத்தனை நாளில் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்காமல் நான் எந்த வேலையும் செய்வதில்லை. இதைப் பார்த்த பிறகும் தெரியாமல் ஊற்றினான் என்று அந்தப் பரிசோதகர் சொல்லட்டும். முடிந்தால் அவரைக் கூப்பிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்டீர்கள். அக்காவுக்காகத்தான். கூடப்பிறந்தவளுக்கு உண்மை தெரிய வேண்டாமா? என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டே வாழக்கூடாது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லுங்கள். கொலை, கிலை என்கிற இடத்தில் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஆயில் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.